அரை விரல் தள்ளி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் ‘கரண்டு அக்கா’. மூளைக்குக் கரண்டு கொடுக்கிறவள் என்று நோயாளிகள் நினைத்துக்கொண்டதில் வந்த பெயர். “நான் எதையும் குடுக்கலைம்மா, உன் தலைக்குள்ள ஓடுறதை எடுத்துக் காட்டுறேன், அவ்வளவுதான்” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு திரை, எப்போதும் ஈரமாகவே கிடக்கும் ஒரு துண்டு. முடியை வகிடு பிரித்து, பசை தடவி, சின்னச் சின்ன வெள்ளி வில்லைகளைத் தலை முழுக்க ஒட்டுவாள். திரையில் கோடுகள் ஓடும். அந்தப் பசை அவள் நகக்கண்ணில் காய்ந்து வெள்ளையாகவே இருக்கும். கோடு சுத்தமாக வந்தால் டாக்டர் கெட்டிக்காரர். வராவிட்டால் இவளுக்குத் திட்டு. அப்படியே காலம் போயிற்று.

அவள் வீட்டுக்காரர் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். இவளுக்கு ஒரு சாண் மண்டையோடு வேலை முடிந்துவிடும். அவருக்கு வானம் முழுக்க வேண்டும். நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் ஏறிய வாயு, இழை இழையாக நீண்டு கிடக்கிறதாம். அதன் படத்தையும் மூளை நரம்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்றே தெரியாதாம். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இரண்டு படங்களையும் சாப்பாட்டு மேஜையில்தான் பரப்புவார், அதுதான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இதுலயும் மின்சாரம் ஓடுது, அதுலயும் ஓடுது. இதுலயும் இழை, அதுலயும் இழை. ஒப்பிட்டுப் பாத்தா என்ன தப்பு?” என்பார்.

“தண்ணி கொட்டிடும், முதல்ல எடுங்க. அது யோசிக்குதா?”

“யோசிக்குதுன்னு எப்போ சொன்னேன்? போல இருக்குன்னுதானே சொன்னேன்.”

“போல இருந்தா அதுவாயிடுமா? நான் தினம் பாக்குறேன். ஆளு பல்லைக் கடிச்சா கோடு ஆடுது, கண்ணைச் சிமிட்டினா ஆடுது. அதெல்லாம் மூளையா என்ன?”

“போல இருக்கறதுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அங்கேருந்துதான் எதையுமே கேக்க ஆரம்பிக்கறோம்.”

அவர் அதைச் சத்தம் போடாமல்தான் சொல்வார். இவள் கேட்டால்தானே! அவருக்கு ‘பிரபஞ்சம்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டாள். “அடியே, பிரபஞ்சத்தைக் கூப்பிடு, சோறு ஆறுது” என்று மகளை அனுப்புவாள். ஒருமுறை அவரோடு வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மனுஷர் ஆசை ஆசையாகப் படத்தை விரித்தார். “அந்த இழையில ஒரு சேதி போய்ச் சேர கோடிக்கணக்கான வருஷம் ஆகும்னு இவரேதான் சொன்னாரு. அது ஒரு யோசனையை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இவரு ரிட்டையர் ஆயிடுவாரு” என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. படங்களை மடித்து எடுத்துக்கொண்டு போனவர் அதற்கப்புறம் மேஜையில் அவற்றை விரிக்கவே இல்லை. தொல்லை விட்டது என்று இவள் மேஜையைத் துடைத்தாள்.

அந்த மனிதர்தான் ஒரு காலை வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சரிந்து விழுந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கட்டிய துணியோடு ஓடி வந்தாள்.

நரம்பு டாக்டர் தன் சோதனைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூளை அடங்கிடுச்சுன்னுதான் எல்லாம் காட்டுது. கடைசியா ஒரு தடவை கோடு எடுத்துடுவோம். அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா மெஷினை எடுத்துட வேண்டியதுதான். நீங்க எடுக்க வேண்டாம், புதுசா வந்த பொண்ணு எடுக்கட்டும்.”

“என் வீட்டுக்காரர் தலையை நான்தான் தொடுவேன் சார்.”

அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

முடியை வகிடு பிரித்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் தலையை இப்படி நிதானமாகத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை நரை! வில்லைகளை ஒட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். எல்லாக் கோடும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் இருந்து வந்த ஒரே ஒரு கோடு மட்டும் மேலெழும்பி இறங்கிற்று. மறுபடி எழும்பி இறங்கிற்று.

அது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? வில்லை ஒரு ரத்தக்குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டால் நாடி துடிக்கும்போதெல்லாம் கோடும் துடிக்கும், மூளை துடிக்கிற மாதிரியே. சந்தேகம் வந்தால் வில்லையை அரை விரல் தள்ளி ஒட்ட வேண்டும். துடிப்பு போய்விட்டால் அது நாடி. புதிதாக வரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அவள் கை வில்லைவரை போயிற்று. தொட்டது. தள்ளவில்லை.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். “அந்த ஒரு இடம் மட்டும் ஆடுதே. தள்ளி வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். அப்பவும் இருக்கு.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயர் அன்றைக்கு ஒரு பொய்க்குத்தான் உதவிற்று. “சரி, நாளைக்கு மறுபடி எடுப்போம்” என்று போய்விட்டார்.

கதவோரம் நின்ற மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “ஆடுதாம்மா? அப்பா உள்ள இருக்காராம்மா?”

“நாளைக்குப் பாக்கலாம்டி” என்றாள்.

மறுநாள் பார்த்தால் மகள் ஆளே மாறியிருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தாள். அப்பாவுக்கு எந்த அறை வசதிப்படும், அங்கே ஏறி இறங்கும் கட்டில் நுழையுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போதாததற்கு, வீட்டு அலமாரியில் மடித்துக் கிடந்த அந்த இரண்டு படங்களையும் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

“அப்பா கண்ணு முழிச்சா முதல்ல இதைத்தான் பாக்கணும். நீதாம்மா எப்பவும் சிரிச்சே. இப்ப பாரு, உன் மெஷினே அவரு பக்கம் பேசுது.”

இவள் வில்லைகளை ஒட்டினாள். நெற்றிப்பொட்டு வில்லையை நேற்றைய இடத்திலேயே வைத்தாள். பாழாய்ப்போன மனசு! கோடு நேற்றைப் போலவே எழும்பி இறங்கிற்று. மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, நான்தான்ப்பா. கேக்குதா?” நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். “அம்மா, ஆடுது! நான் பேசினா ஆடுது! அப்பா, உங்க படத்தைக் கொண்டாந்திருக்கேன்ப்பா... பாரும்மா, மறுபடி ஆடுது!”

அவள் பேசினாலும் ஆடிற்று, பேசாவிட்டாலும் ஆடிற்று. மகளுக்கு மட்டும் அது தெரியவில்லை. அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தான் வாயை மூடிக்கொண்டு நின்றால் இந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் அந்தக் காதில் பேசிக்கொண்டிருக்கும்? கை தானாக நீண்டது. வில்லையைப் பிய்த்து அரை விரல் தள்ளி அழுத்தினாள்.

கோடு படுத்துவிட்டது.

“என்னம்மா ஆச்சு? கழண்டுடுச்சா? பழையபடி வைம்மா!”

“கழலலைடி. அது அப்பாவோட நாடி. வேற ஒண்ணும் இல்லே.”

மகள் திரையைப் பார்த்தாள், அம்மாவின் விரலைப் பார்த்தாள். “நேத்தே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

மகள் எழுந்து சுவருக்குப் போனாள். படங்களைக் கிழியாமல் பிரித்து, பழைய மடிப்பிலேயே மடித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “உசிரோட இருந்தப்ப அவரை ஒரு நாளாவது ஜெயிக்க விட்டிருக்கலாமேம்மா.”

“விட்டேனேடி” என்றாள் அவள். “நேத்து ஒரு நாள் விட்டேன்.”

பிறகு துண்டை நனைத்து, அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.