ஒரே போடு

படகுத்துறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'ஒரே போடு அக்கா' என்றால்தான் தெரியும். படகில் விழுந்து துள்ளும் மீன் எவ்வளவு பெரிதானாலும் சரி, கண்ணுக்குப் பின்னால் கட்டையால் ஒரே போடு. அவள் இரண்டாவது அடி அடித்து யாரும் பார்த்ததில்லை.

அவள் புருஷன் ஒன்றோடு நிறுத்தத் தெரியாதவன். கடலில் தங்கமான ஆள். கரையேறினால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். சாப்பாட்டில் உப்பு கூடினால் அறை, ஏன் என்று கேட்டால் உதை. பாவி மனுஷன்! அவன் கை ஓயும்வரை அடுப்படி மூலையில் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கிடப்பாள். கடலில் அவ்வளவு வேகமாக எழும் அவள் கை, வீட்டில் எழவே எழாது.

அன்று காலை கடலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சிறு மீன்கள் பவளத்திட்டின் விளிம்பில் ஒதுங்கும். அவற்றைத் தின்னச் சீலா மீன் வரும். அதன் பல்லுக்கு நைலான் நரம்பு தாங்காது என்று தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி கட்டி, பளபளக்கும் தகரத்துண்டை இரையாக விட்டு, திட்டை ஒட்டி இருவரும் படகை ஓட்டினார்கள்.

வெடுக்கென்று இழுத்தது. ஆள் நீளச் சீலா! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பை இழுக்க, அது எகிறிப் படகுக்குள்ளேயே விழுந்து அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. சதை கிழிந்து தொங்கியது. படகெல்லாம் ரத்தம்.

"அடி! அடிச்சுத் தொலைடி!" என்று அலறினான்.

அவள் கட்டையை ஓங்கினாள். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தவன், சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். அடுப்படி மூலையில் அவள் சுருளும் அதே மாதிரி.

கட்டை அந்தரத்தில் நின்றது. எந்தத் தலை என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை.

போட்டாள். சீலா அடங்கியது. ஆனாலும் மறுபடி போட்டாள், மறுபடியும், அதன் தலை கூழாகி அவன் முகத்தில் தெறிக்கும்வரை.

"மீனத்தான்யா அடிச்சேன். நீ எதுக்குத் தலைய மூடுன?"

அவன் காலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, அவளே எஞ்சினைப் பிடித்துக் கரைக்குத் திருப்பினாள்.

கட்டையை அவள் படகில் வைக்கவில்லை. கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, அடுப்படி மூலையில் சாத்தி வைத்தாள். அது இன்றும் அங்கேதான் நிற்கிறது. சாப்பாட்டில் உப்பு கூடினால் அவன் தண்ணீர் குடித்துக்கொள்கிறான்.