ஒன்பது வரி வந்த சனிக்கிழமை

சங்கரன்கோவிலில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் நான் ஆபீஸ் அசிஸ்டெண்ட். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீ போடுவதோடு, சனிக்கிழமைதோறும் ஹார்டு டிஸ்கை மாட்டி பேக்கப் ஓட விடுவதும் என் வேலை.

கம்பெனியின் புரோகிராம்கள் இணையத்தில் தனித்தனி ரெப்போவாக, ஒரு வேலைக்கு ஒரு பெட்டி மாதிரி, இருக்கும். அவற்றை இறக்க டோக்கன் வேண்டும், சாவி மாதிரி. அதைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து போட்டுக் கொடுத்தவர் எங்கள் புரோகிராமர் செல்வக்குமார். பேக்கப் முடிந்ததும், இறங்கிய ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஒரு வரி திரையில் வரும். எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எப்போதும் இருபத்துமூன்று.

முதலாளியோடு சண்டை போட்டுச் செல்வக்குமார் விலகினார். அன்றே அவர் கணக்கைக் கம்பெனியிலிருந்து நீக்கினார்கள். அந்தச் சனிக்கிழமை ஒன்பது வரிதான் வந்தது. கீழே வழக்கம்போல சக்சஸ். நோட்டோடு முதலாளி அறை வாசலில் நின்று சொன்னேன்.

"சக்சஸ்னு வந்துட்டுல்லா? பொறவு என்ன அண்ணாச்சி, வரிய எண்ணிக்கிட்டு? போயி டீயப் போடும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. வாராவாரம் ஒன்பது என்று எழுதினேன்.

கடையநல்லூரிலிருந்து வரும் நஸ்ரின், ஒரு ஜவுளிக்கடைக்கு ஒன்றரை வருஷமாக ஸ்டாக் புரோகிராம் எழுதி முடித்திருந்தார். பழைய லேப்டாப்பை அழித்துத் திருப்பிக் கொடுக்குமுன் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, என் ரெப்போ பேக்கப்ல இருக்கும்லா?"

"போட்டாச்சும்மா" என்றேன்.

பேக்கப் இருக்கும் தைரியத்தில், முடிந்த வேலை என்று முதலாளி அந்த ரெப்போவை இணையத்திலிருந்தும் நீக்கினார். பல மாதம் கழித்துக் கடைக்காரர் ஒரு மாற்றம் கேட்டு வந்தார். டிஸ்கில் தேடினால் இல்லை. செல்வக்குமார் கணக்கு போனதுமே, பிரைவேட் ரெப்போ பதினான்கையும் பார்க்கும் அனுமதி அவர் டோக்கனுக்கு இல்லாமல் போயிருந்தது. யாரும் பார்க்கக்கூடிய ஒன்பது மட்டும் இறங்கியிருந்தது. வாராவாரம் பழைய நகலை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறும்.

முதலாளி நோட்டை விரித்தார். "ஒம்பது ஒம்பதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேரே, வாயில என்னவே கொழுக்கட்டையா?"

அவரிடம் சொன்னதை அவருக்கு நினைவுபடுத்தவும் எனக்கு வாய் வரவில்லை.

நஸ்ரின், "நான் கேட்டப்பவாவது சொல்லிருக்கலாம்லா" என்றார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்.

இப்போது டோக்கன் கம்பெனிக் கணக்கில் இருக்கிறது. எல்லா ரெப்போவையும் படிக்கும் அனுமதியும் உண்டு. அது காலாவதியாகும் தேதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் சக்சஸை நம்பாதீர்கள்; வரியை எண்ணுங்கள். குறைந்தால், யார் சிரித்தாலும், கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

நஸ்ரின் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தானே வந்து வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார்.