காசியம்மாவின் தாளம்

கம்ப்யூட்டரில் இசை சேர்த்து, நானே எழுதிப் பாடிய இரண்டாவது தனி ஆல்பத்துக்காக 2005 கோடையில் மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். காசியம்மா என்ற பெண் பலகையால் உப்பு வாரும் சத்தம் எனக்குத் தாளமாக வேண்டியிருந்தது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அவர் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யப்பா முருகா" என்பார். தாளம் கெடுகிறதே என்று எனக்கு எரிச்சல். வீட்டுக்கு வந்ததும் பதிவிலிருந்து அந்தக் குரலையெல்லாம் வெட்டிவிட்டு, இழுப்புகளை மட்டும் வரிசையாக ஒட்டினேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிட்டேன்.

மறு வருடம் சிடியோடு போனபோது காசியம்மா இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தார். அவர் கணவர் ஏழுமலை, டீக்கடை ஸ்பீக்கரில் காதை வைத்து என் பாட்டு முழுவதையும் கேட்டார்.

"அவ இப்படி நிக்காம வாரமாட்டாளேம்மா. நடுவுல 'யப்பா முருகா'ம்பாளே, அது எங்க?"

"வெட்டிட்டேங்க."

அவர் கோபப்படவில்லை. "மண்ணு கலந்த உப்ப நாங்க வரப்போரமா கொட்டி வைப்போம். நீங்க வெட்டுனத எங்க கொட்டி வச்சிருக்கீங்க? அது மட்டும் குடுத்தா போதும்மா."

அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தேடிப் பாக்கறேங்க" என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது ஆல்பத்தில் யாருடைய பெருமூச்சையும் நான் வெட்டவில்லை. அதனால் ஏழுமலைக்கு என்ன? நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.