கட்டுப்பாட்டு அட்டவணையும் வெளியே நின்ற அலுவலகமும்

பெருங்கணினியில் கட்டுப்பாட்டு அட்டவணை ஏற்றுவது என்பது, யார் எதைத் தொடலாம், யாருடைய வேலை முதலில் ஓட வேண்டும் என்பதை இயந்திரத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனிதர்களிடம் வசவு வாங்கும் தொழில். இதில் அடிபட்ட அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்கள் பொறுத்தருள்க.

அண்மையில் மட்டாஞ்சேரி ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, தன் பெருங்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு, அட்டவணைகளை ஏற்ற என்னை அழைத்தது. சனிக்கிழமை நான்கு மணிக்குள் ஏற்றுமதி ஆவணங்கள் அச்சாகித் துறைமுகம் சேர வேண்டும். தவறினால் சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். கெடு ஐந்தே நாள்.

அழிக்கும் உரிமை

அனைத்துக் கோப்புகளையும் அழிக்கும் உரிமை முதலாளிக்கு வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர் விசைப்பலகையைத் தொட்டதே இல்லை. அவர் அறையில் கணினியும் இல்லை. எதற்காக இந்த உரிமை என்று மேலாளர் குருவிளாவிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அதிகாரம் சும்மா இருக்கட்டும் மேடம். உபயோகிக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லையே!”

சிறப்பு வகுப்பு

தன் வேலையே முதல் வகுப்பில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் கோரியது. எல்லாமே முதல் வகுப்பு என்றால் வகுப்பு எதற்கு? யோசித்து, மிக மெதுவாக ஓடும் கடைசி வகுப்புக்குச் ‘சிறப்பு’ என்று பெயரிட்டேன். அதிகாரிகள் அனைவரும் முண்டியடித்து அதில் சேர்ந்தார்கள். எழுத்தர்களின் வேலைகள் ‘சாதாரண’ வகுப்பில் பறந்தன.

ஓர் அறிக்கைக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்த விற்பனை அதிகாரி முகம் சுளிக்கவேயில்லை. பக்கத்திலிருந்தவரிடம் பெருமையோடு சொன்னார்:

“ஸ்பெஷல் பிரியாணி சொன்னா லேட்டாத்தான் வரும். சாதாச் சோறுதான் சட்டுன்னு வரும்.”

நான்காம் இணைப்பு

ஏற்றுமதி ஆவணம் தயாரிக்கும் உரிமையை, பாதுகாப்பு கருதி, சுவரிலுள்ள நான்காம் இணைப்புக்கு மட்டுமே கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை காலை, அங்கு அமரும் எழுத்தர் ரெஜினாவுக்கு ‘அனுமதி இல்லை’ என்றே வந்தது. ஒரு மணி நேரம் அட்டவணையை வரிவரியாகச் சரிபார்த்தேன், பிழை இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ரெஜினா தன் கணினி, நாற்காலி, குழந்தை இயேசு படம் சகிதம் அறையின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்து, ஒன்பதாம் இணைப்பில் செருகியிருந்தாள். பழைய இடத்துக்குத் திரும்பும்படி சற்றுக் கண்டிப்பாகவே சொன்னேன்.

“கம்ப்யூட்டர் எங்க வச்சாலும் ஓடும் சேச்சி. ஃபேன் இங்க மட்டும்தான் ஓடும்.”

அட்டவணையைத்தான் மாற்றினேன்.

பொது விதி

சனிக்கிழமை மூன்று மணி. இறுதி அட்டவணையை ஏற்றுமுன் ஒருமுறை படித்தேன். அனுமதி பெற்றவர்களின் பெயர்களெல்லாம் முதலில், ‘மற்றபடி எவருக்கும் அனுமதி இல்லை’ என்ற பொது விதி கடைசியில். பொது விதியை முதலில் கூறி, விலக்குகளைப் பின்னர் கூறுவதன்றோ முறை? அந்த வரியை மேலே கொண்டுபோய் அழகாக வைத்து, ஏற்றினேன்.

இயந்திரம் மேலிருந்து படிக்கும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். இதைப் பலருக்குக் கற்பித்தவள் நான். மறுநொடியே நிறுவனம் முழுவதும் கணினிக்கு வெளியே தள்ளப்பட்டது.

“ஐயோ, சேச்சியையும் தள்ளிடுச்சே!” என்றாள் ரெஜினா.

“மேடம், கப்பல் நிக்காது!” என்றார் குருவிளா.

“தெரியும். நீங்கள் பேசாதிருந்தால் விரைவில் முடியும்.”

“மூச்சு விடலாமா? அதுக்கு அனுமதி உண்டா?”

அட்டவணைக்குக் கட்டுப்படாத ஒரே விசைப்பலகை கீழ்த்தள இயந்திர அறையில் இருந்தது. முழங்கால் வலியை மறந்து படியிறங்கினேன். வேலையற்றுப் போன ஊழியர்கள் முற்றத்தில் கூடி நின்றார்கள். அந்த வரியைக் கீழே இறக்கி, இயந்திரத்தை மறுபடி தொடங்கியபோது மூன்றரை. பத்து நிமிடத்தில் ஆவணங்கள் அச்சாகின. ரெஜினா ஆவணக் கட்டைச் சுமந்துகொண்டு ஸ்கூட்டரில் பறந்தாள். நான்கடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில், கொடுத்துவிட்டதாகத் துறைமுகத்திலிருந்து பேசினாள்.

குருவிளா ஒருவழியாக மூச்சுவிட்டு, எல்லாருக்கும் சாயா சொன்னார். அலுவலக உணவகத்து அபிதா தயங்கி நின்றாள்.

“எல்லாரும் முற்றத்துல கூட்டமா நின்னாங்களா, ஸ்ட்ரைக்னு நெனச்சுப் பாலைத் திருப்பி அனுப்பிட்டேன் சார். பாலில்லாம கட்டன் சாயா போடட்டுமா?”

பூட்டு எவ்வளவு ஒழுங்காக அமைகிறதோ, அவ்வளவு ஒழுங்காக நாமும் வெளியே நிற்போம் என்பதே இத்தொழிலில் நான் கண்ட ஒரே பொது விதி.