இணைச்சீருக்கு வந்த மகள்

என் மகனின் திருமணத்தில் இணைச்சீருக்கு என் மகளே அமர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மணமகனுக்கு அவன் சகோதரி உடனிருந்து செய்யும் அந்தச் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நிறைவு பெறாது. மகள் அப்போது அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள், கல்விப் பருவத்தின் நடுப்பகுதி. என் அண்ணன் மகளை அமர்த்தலாம் என்றாள் மனைவி. சொந்தத் தங்கை இருக்க இன்னொருத்தி அமர்ந்தால் மண்டபத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் மறுத்துவிட்டேன்.

வகுப்புகள் தவறும் என்பதால் இரண்டு பாடங்களை விடுவதற்கு, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் அவள் மின்னஞ்சலில் அனுமதி கேட்டிருந்தாள். பதில் வருவதற்குள் நான் விமானச் சீட்டை அனுப்பிவிட்டேன். அனுமதி வராமலே பாடங்களை விட்டுவிட்டு வந்து, சீரை முறையாகச் செய்து, திரும்பிச் சென்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அழைத்தாள். முழுப் பாடச்சுமை இல்லாததால் அவளுடைய மாணவர் விசாத் தகுதி போய்விட்டது. மீட்டுத் தரும்படி அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் பட்டமின்றி ஊர் திரும்ப வேண்டியதுதான். தன் பதில் தாமதமானதை அந்த அலுவலகம் எழுதிக்கொடுக்கச் சம்மதித்தது. பயணத்தின் காரணத்தை நான் எழுதித் தர வேண்டியிருந்தது.

ஒரு சடங்குக்காகப் பெண்ணின் படிப்பைக் குலைத்தவர் என்று ஓர் அயல்நாட்டு அதிகாரி என்னைப் பற்றி நினைப்பதா? தாய்க்குக் கடும் உடல்நலக் குறைவு என்று நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி, ஆர்.எஸ்.புரத்தில் தட்டச்சு செய்து மகளுக்கு அனுப்பினேன்.

அன்றே கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, நான் மெயில்லயே அண்ணன் கல்யாணம்னு எழுதிப்போட்டனுங்க. இப்ப பொய் சொன்னா மொத்தமும் போயிருமுங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"போட்டோவும் கேப்பாங்களாமுங்க. அம்மா பந்தியில ஓடி ஓடிப் பரிமாறிட்டு இருக்காங்க. அதையா காட்டறது?"

மனைவி அருகிலிருந்து சிரித்தாள். "என்னைய ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுப்போட்டீங்களே!"

மறுநாள் அரைப் பக்கம் எழுதினேன். என் வற்புறுத்தலே காரணம் என்ற வாக்கியத்தைக் கையெழுத்துக்கு நேர் மேலே வைத்தேன்.

முடிவு வரும்வரை அவள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். மாதங்கள் ஓடின. முடிவு வருமுன்பே மகனுக்குக் குழந்தை பிறந்து, பெயர் சூட்டும் நாளும் வந்தது. அத்தை மடியில் குழந்தையை வைக்க வேண்டும். என் அண்ணன் மகளை நானே போய் அழைத்தேன்.

"கல்யாணத்துக்கு ஆகாத ஆளு இதுக்கு ஆகுமுங்களா சித்தப்பா?" என்றாள். ஆனால் முதல் ஆளாக வந்து அமர்ந்தாள்.

"சொந்த அத்தை எங்கீங்க, பரீட்சைங்களா?" என்று சம்பந்தி கேட்டார். அதுவரை எல்லோரிடமும் நான் சொல்லி வந்தது அதுதான். அன்று உண்மையைச் சொன்னேன். பிறகு குழந்தையின் காதில் பெயர் சொல்லப்பட்டது.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் ஏற்கப்பட்ட செய்தி வந்தது. மகள் சொன்ன முதல் வார்த்தை, "இனி நாள் குறிக்கறதுக்கு முன்னாடி என்ர காலேஜ் காலண்டரப் பாருங்கப்பா" என்பதுதான். அதன் அச்சுப் பிரதி இப்போது எங்கள் கூடத்தில், முகூர்த்த நாட்கள் குறித்த காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.