எங்கள் கம்பெனியின் பெயரைக் கேட்டு வந்த மெயில்

அன்று காலை சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் மெயிலே மிரட்டலாக இருந்தது. சீனாவில் டொமைன் பெயர் பதிவு செய்யும் ஆபீஸ் என்று சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கம்பெனியின் பெயரை அங்கே வேறொரு கம்பெனி கேட்கிறதாம். இன்றைக்குள் நாங்கள் ‘கன்ஃபர்ம்’ செய்து அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி, கயிறு, பெயின்ட் என்று கேட்டதைக் கொண்டு கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஆர்டர் எல்லாம் மெயிலில் வரும். எங்கள் வெப்சைட்டின் பெயரும் மெயில் முகவரியின் பின்பாதியும் ஒன்றுதான். அதைத்தான் டொமைன் என்கிறார்கள். எத்தனையோ கேப்டன்கள் அந்த முகவரியைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அது கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கப்பலிலிருந்து மெயில் வந்தால் முதலில் ‘கன்ஃபர்ம்டு’ என்று பதில் போட்டுவிடுவோம். சரக்கு இருக்கிறதா என்று அப்புறம்தான் பார்ப்போம். தாமதித்தால் கேப்டன் அடுத்த கடைக்கு எழுதிவிடுவார்.

முதலாளி கஸ்பார் அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “ஏலே மிக்கேலு, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? கன்ஃபர்ம் போடு. பேரு போச்சுன்னா கப்பல்காரன் யாருக்குல எழுதுவான்?”

பத்தாம் வகுப்பு படித்தவன் நான், வேறு என்ன யோசிக்க? மவுஸில் கை வைத்துவிட்டேன்.

அண்ணாச்சியே தடுத்தார். “நில்லு, நில்லு. சீனாக்காரனுக்கு நம்ம பேரு எதுக்குல? இது எதுத்த கடை பால்துரை வேலை. அவன ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்து போடுவோம்.”

பால்துரையும் எங்கள் தொழில்தான். எங்களுக்கு வர வேண்டிய கேப்டன்களைப் படகிலேயே போய் மடக்குகிற ஆள். நாங்களும் அவருக்கு அதைத்தான் செய்கிறோம் என்பது வேறு விஷயம். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

“என்ன வே கஸ்பார், கடை மாறி வந்துட்டீரோ?” என்றார் பால்துரை.

“பேசாதேயும். எம் பேர சீனாவுல போய் எழுதி வைக்கீரோ?”

“சீனாவா?” அவர் தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். “இங்கன வந்து பாரும். எம் பேரயும்லா கேக்கான்! நான் உம்ம வேலைன்னு நெனச்சேன். மத்தியானம் வந்து உம்ம சட்டையப் புடிக்கலாம்னு இருந்தேன்.”

என் போனில் இருந்த எங்கள் மெயிலை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வரிக்கு வரி ஒன்றுதான். பெயர் கேட்கும் கம்பெனியும் அதேதான், கீழே கையெழுத்தும் அதேதான். எங்கள் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே எங்கள் வெப்சைட்டைச் செய்து கொடுத்த சாத்தான்குளத்துச் செல்விக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அண்ணாச்சி, எதையும் அமுக்கிராதீங்க, பதிலும் போடாதீங்க. இதே மெயிலு ஊருபட்ட பேருக்கு வருது. நீங்க பேரு வாங்குன சைட்டுக்கு நீங்களே அட்ரஸ் அடிச்சு உள்ள போய்ப் பாருங்க. மெயில்ல இருக்க லிங்க் வழியாப் போகாதீங்க. சீனாவுல எவன் எதை வாங்குனாலும் அது வேற அட்ரஸ், உங்க மெயிலுக்கு ஒண்ணும் ஆவாது.”

அவர் சொன்னபடியே உள்ளே போய்ப் பார்த்தேன். பெயர் எங்களுடையதாகவே இருந்தது. பதிவு முடியும் தேதிக்கும் வெகுநாள் இருந்தது. கஸ்பார் அண்ணாச்சி, “மாதாவே!” என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். குலசை அம்மனுக்கு மாலை போடுகிறவரான பால்துரை, “தாயே!” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பகையாளிமேல் வந்த கோபத்தைக் கொண்டே ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

சின்ன ஆபீஸ்களில் மெயில் பார்க்கும் பிள்ளைகளே, கப்பல் மெயிலுக்கு வேண்டுமானால் ஓடிப் பதில் போடுங்கள். உங்கள் பெயரைப் பற்றி யாராவது அவசரப்படுத்தினால் கையை எடுத்துவிடுங்கள். அனுப்பியவன் நீங்கள் பெயர் வாங்கிய கம்பெனிதானா என்று பாருங்கள். முடியும் தேதியை நீங்களே தெரிந்து வைத்திருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

போன வாரம், ‘உங்கள் டொமைன் இன்றோடு முடிகிறது, உடனே புதுப்பிக்கவும்’ என்று இன்னொன்று வந்தது. நான் சைட்டுக்குள் போய்த் தேதியைப் பார்த்துவிட்டு, “பொய் மெயில், அண்ணாச்சி” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

“வே பால்துரை, எங்க டொமைன் இன்னிக்குச் சாயங்காலம் செத்துருமாம். உம்மது எப்படி?”

“எங்களுக்கு நேத்தே அடக்கம் முடிஞ்சிட்டு வே! ஆனாலும் காலைல ரெண்டு கப்பல் ஆர்டர் வந்துருக்கு.”

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: “ஏலே, அது எந்தக் கப்பல்னு விசாரி.”