போலாம் என்று யார் சொல்வது

வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். வெடிக்காமல் ஒரு வேலையும் நடக்காது என்பது என் அனுபவம். என் அண்ணி அதற்கு நேர் எதிர். ஊரே அவசரப்பட்டாலும் அவர் ஒரு பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பல் செட் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. அதே கூடத்தின் வரவேற்பு மேசையில் எனக்கு. கூடமோ நகரத்தின் மறுகோடியில். பஸ்ஸில் போனால் ஏறி இறங்கியே பாதி உயிர் போய்விடும். அதனால் அண்ணி கார் ஓட்டுவார், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டிலுள்ள அத்தனை பேரையும் திட்டிக்கொண்டு வருவேன்.

குனிந்து குனிந்து வேலை செய்ததில் அண்ணியின் கழுத்து எலும்பு தேய்ந்துபோனது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வலி போனது, கூடவே தலையைத் திருப்புவதும் போனது. யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்போடுதான் திரும்புவார். "பாத்தியா, மகாராணி மாதிரி ஆயிட்டேன்" என்று அவரே சிரிப்பார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மொத்த உடம்போடு திரும்ப முடியுமா? அதற்குத்தான் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கிளைச் சாலை பெரிய ரோட்டில் சேரும் இடம் வந்தால் நான் பின்னால் எட்டிப் பார்த்து, "இருங்க... இருங்க... போலாம்!" என்பேன். போலாம் என்று நான் சொன்ன பிறகுதான் அண்ணியின் கால் அசையும். வண்டியில் ஒரு கீறல் விழாமல் இப்படியே போய்வந்தோம்.

அதில்தான் மண் விழுந்தது. கூடத்துக்காரர்கள் புதுக் கிளை திறந்து என்னை அங்கே மாற்றிவிட்டார்கள். அண்ணன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"தனியா ஓட்டறதெல்லாம் நடக்கற காரியமா? வேலைய விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கட்டும்."

 அன்று அண்ணி வைத்த சாப்பாட்டில் உப்பே இல்லை. நான்தான் வெடித்தேன். அண்ணி செய்த பல்லைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் கையால் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறார்கள்! அந்தக் கை வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பதா?

அண்ணி நேரே டாக்டரிடம் போய்க் கேட்டார். "திரும்பிப் பாக்க வேண்டிய அவசியமில்லாத வண்டியா இருந்தா தாராளமா ஓட்டுங்க" என்றார் அவர். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு ஒன்று எடுத்தார் அண்ணி. இண்டிகேட்டரைப் போட்டால் அந்தப் பக்கம் பின்னால் வருகிற வண்டியெல்லாம் கேமரா வழியாகத் திரையில் தெரிகிறது. கண்ணுக்கு மறைவாக யாராவது வந்தால் பக்கக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் லேசாகக் கையை இழுக்கிறது.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அண்ணி" என்றேன். பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி பொறாமை.

"முழுசா நம்பிட்டேன்னு யாரு சொன்னா? சேறு அடிச்சா கேமராவுக்கும் கண்ணு தெரியாது. அதுவும் என்ன மாதிரிதான், ஒரு குறையோட இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு டிரைவர்." சொல்லிக்கொண்டே, பல்லுக்கு மெருகேற்றும் மெல்லிய துணியால் கேமராவைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு. இது தப்புப் பண்ணாதான் சத்தம் போடுது. உங்க அண்ணன மாதிரி சும்மா சும்மா கத்தறதில்ல."

அண்ணன் காதில் விழுந்தது. ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி தனியாகக் கூடம் வரை ஓட்டிக் காட்ட வேண்டும். நானும் அவரும் அவருடைய வண்டியில் பின்னாலேயே வருவோம். எங்கேயாவது தடுமாறினால் திங்கட்கிழமை ராஜினாமா.

பாதி வழி வரை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனார். அண்ணன் உம்மென்று வந்தார். பாலத்துக்குக் கீழே, கிளைச் சாலை பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் அண்ணி இண்டிகேட்டர் போட்டு நின்றார். ஒரு லாரி போனது. பிறகு ரோடு துடைத்துவிட்டாற்போல் காலி. அண்ணி நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் அண்ணன்.

 "போலாம் அண்ணி, போலாம்!" என்று கண்ணாடிக்குள்ளேயே கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கும்? அப்போது என் போன் அடித்தது. காரிலிருந்தே அண்ணி கூப்பிடுகிறார்.

"ஏண்டி, இன்னும் போலாம்னு சொல்லவே இல்ல?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "ஐயோ... நீ இங்க இல்லல்ல?"

பக்கத்து சீட் காலி என்பதையே மறந்துபோய், என் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறார்! எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. நல்லவேளை, கோபம்தான் முந்திக்கொண்டது.

"கண்ணாடியில விளக்கு எரியுதா?"

"இல்ல."

"திரையில எவனாவது வர்றானா?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்புறம் நான் என்னத்துக்கு? நீங்களே சொல்லுங்க!"

போனில் கொஞ்ச நேரம் இண்டிகேட்டரின் டிக் டிக் மட்டும் கேட்டது. அண்ணன் போன் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இருங்க... இருங்க..." என்றது அண்ணியின் குரல். என்னைப் போலவே இழுத்து, என்னைப் போலவே அதட்டலாக. "போலாம்!"

வண்டி சரேலென்று பெரிய ரோட்டில் ஏறியது. நான் சீட்டிலேயே குதித்தேன்.  அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். அதற்குள் பெரிய ரோட்டில் மறுபடி வண்டிகள் வரிசைகட்டி வர ஆரம்பித்துவிட்டன. அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். முன்னால் கொஞ்சம் போனார், சட்டென்று நின்றார். பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அண்ணி கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டிருந்தார்.

"உன் பக்கம் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார் அண்ணன். "போலாமா?"

"எனக்கு மாற்றல் ஆயிடுச்சு. நீயே பாத்துக்கோ" என்றேன்.